24 மணி நேர ஆள் இருந்தும் ராத்திரி கவனிப்பு நடக்கவில்லை: பக்கவாதம் வந்த அப்பா, என்ன மாற்றலாம்?

மகாமகம்:

அப்பாவுக்கு 79 வயது, 68 கிலோ. ஐந்து வாரத்துக்கு முன் மூளையின் இடப்பக்கத்தில் ரத்த அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு வரவில்லை, ஆனால் நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. மூக்கு டியூபை எடுத்த பிறகுதான் டிஸ்சார்ஜ் செய்தார்கள், வாய்வழியாகத்தான் சாப்பிடுகிறார். வீடு கும்பகோணத்தில். கூட இருப்பது அம்மா மட்டும். அவருக்கு 72, இரண்டு முழங்காலும் தேய்மானம். ஏஜென்சி மூலம் 24 மணி நேர ஆண் அட்டெண்டர் ஒருவரை வைத்திருக்கிறோம். இவர் இரண்டாவது ஆள்.

இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார்கள். பகலில் நடக்கிறது, ராத்திரி 11 மணிக்கு மேல் நடப்பதில்லை. முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் கருத்திருக்கிறது. ஏர் பெட் போட்டும் இப்படி. வீல்சேருக்கு மாற்றும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார். இப்போது வலது தோளைத் தொட்டாலே அப்பா முகம் சுளிக்கிறார். தண்ணீர் குடித்தால் இருமுகிறார், கஞ்சிக்கு இருமல் இல்லை. மற்ற நேரமெல்லாம் டிவிதான். சாயங்காலமானால் கோபம், தட்டைத் தள்ளிவிடுகிறார்.

ஏஜென்சியில் கேட்டால் "24 மணி நேரம்னா 24 மணி நேரமும் வேலை செய்யறதில்ல மேடம்" என்கிறார்கள். ஆளை மாற்றுவதா, ஏஜென்சியை மாற்றுவதா?

—

நைட்_டியூட்டி:

ஏஜென்சி சொன்னது எரிச்சலா இருந்தாலும் அதுல நியாயம் இருக்குங்க. 24 மணி நேர ஆள்னா வீட்டுலயே தங்குற ஆள், முழிச்சிக்கிட்டே இருக்குற ஆள் இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு மணிக்கு ஒருதரம்னா நாளைக்கு 12 தடவை திருப்பணும். டயப்பர் அஞ்சாறு தடவை. சாப்பாடு, தண்ணி, மருந்துன்னு ஆறு வேளை, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம். உடம்பு துடைக்க முக்கால் மணி நேரம். உடற்பயிற்சி ரெண்டு வேளை. இதையெல்லாம் ஒரே ஆளு ஒரு வாரம் செய்வாரு. ரெண்டாவது வாரம் ராத்திரி அசந்துடுவாரு, காலைல "திருப்பினேன்"னு சொல்லுவாரு. ஆளை மாத்தினா அடுத்தவரும் அதே ரெண்டாவது வாரத்துல வந்து நிப்பாரு.

அதனால முதல்ல ராத்திரியைப் பிரிங்க. அந்தக் கருப்பு மறையுற வரைக்கும், அதிகபட்சம் ரெண்டு மூணு வாரம், ராத்திரி 8 மணியிலேருந்து காலைல 8 மணி வரைக்கும் தனியா ஒரு ஆள் போடுங்க. செலவு கூடத்தான். ஆனா புண்ணு உடைஞ்சா ஆகுற டிரெஸிங் செலவுக்கு இது எவ்வளவோ பரவாயில்ல. தோல் சரியானதும் பழையபடி ஒரே ஆளுக்கு வந்துடலாம்.

இப்ப அந்தக் கருப்பு. புஸ்தகத்துல எல்லாம் "சிவந்திருக்கான்னு பாரு"ன்னுதான் எழுதியிருக்கும். நம்ம நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுத்தியிருக்குற தோலைவிடக் கருப்பா, ஊதா கலந்து தெரியும். புறங்கையை வச்சுப் பாருங்க, பக்கத்துத் தோலைவிடச் சூடா இருக்கும், இல்லன்னா கெட்டியா இல்ல கொழகொழன்னு இருக்கும். ஆள்காட்டி விரலால மூணு செகண்ட் அழுத்தி எடுங்க. நிறம் ஒரு நொடி வெளுத்துத் திரும்ப வந்தா ரத்த ஓட்டம் இருக்கு. வெளுக்கவே இல்லன்னா அது படுக்கைப் புண்ணோட முதல் நிலையா இருக்கலாம். கருத்த தோல்ல வெளுக்கறது தெரியாமலும் போகலாம், அதனால சூட்டையும் கெட்டியையும் சேத்துப் பாருங்க. தோல் உடையாத வரைக்கும் பெரும்பாலும் வீட்டுலயே மீட்டுடலாம். கொப்புளமோ, தோல் உரிஞ்சதோ, ஈரமோ தெரிஞ்சா அன்னிக்கே டிரெஸிங் தெரிஞ்ச நர்ஸை வரச்சொல்லுங்க.

இந்த நிலையில அவரை மல்லாக்கப் படுக்கவைக்கவே கூடாது. இடது, வலது மட்டும்தான். அதுவும் முழுசா ஒருக்களிச்சு இல்ல, முப்பது டிகிரி சாய்ச்சு. முதுகுக்குப் பின்னாடி தோள்லேருந்து இடுப்பு வரைக்கும் நீளமா ஒரு தலகாணி வச்சு அதுமேல சாயவிடுங்க. சரியா இருந்தா அந்தக் கருப்பு இடத்துக்கும் பெட்டுக்கும் நடுவுல உங்க கை சுலபமாப் போகும். முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி. கெண்டைக்காலுக்குக் கீழ ஒண்ணு, குதிகால் அந்தரத்துல நிக்கணும். குதிகால்தான் அடுத்து உடையுற இடம், யாரும் பாக்கறதில்ல.

வலது பக்கம் சாய்க்கும்போது வலது தோள் உடம்புக்கு அடியில மாட்டக் கூடாது. தோள்பட்டையைப் பிடிச்சு முன்னாடி இழுத்துவிட்டு, கையை நீட்டித் தலகாணி மேல வையுங்க.

தலைப்பக்கம் கட்டிலைத் தூக்கி வைக்கிற பழக்கம் இருக்கா? சாப்பாட்டு நேரமும் அதுக்கப்புறம் அரை மணி நேரமும் தவிர முப்பது டிகிரிக்கு மேல வேண்டாம். அதுக்கு மேல தூக்கினா உடம்பு மெதுவா கீழே சறுக்கும். தோல் பெட்டுல ஒட்டிக்கிட்டு நிக்கும், உள்ள எலும்பு மட்டும் இறங்கும். அந்த இடத்துல கருக்கறதுக்குப் பாதி காரணம் இந்தச் சறுக்கல்தான்.

ஏர் பெட்டைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க: அதுக்கு மேல என்ன விரிச்சிருக்கீங்க?

—

மகாமகம்:

ஏர் பெட் மேல் ரெக்ஸின் ஷீட், அதன்மேல் பழைய பருத்திப் போர்வையை நாலாக மடித்து, அதற்கு மேல் பெட்ஷீட். நனையாமல் இருக்கத்தான். பம்பின் திருகை முழுதும் கூட்டி வைத்திருக்கிறோம்.

—

நைட்_டியூட்டி:

அதான் விஷயம். அவ்வளவையும் போட்டா ஏர் பெட் வாங்கினதே வீண். காத்து ஏறி இறங்குறது உடம்புக்குத் தெரியாது, ரெக்ஸின்ல வேர்வை நின்னு தோல் ஊறிடும். ஒரே ஒரு பருத்தி பெட்ஷீட், அதையும் இறுக்கிச் சொருகாம தளர்வா விரிங்க. நனையாம இருக்க இடுப்புக்குக் கீழ மட்டும் ஈரத்தை உறிஞ்சுற ஒரு அண்டர்பேட் போதும்.

திருகை முழுசாக் கூட்டினா பெட் பலகை மாதிரி ஆயிடும். திருகுல கிலோ போட்டிருந்தா 70 பக்கம் வைங்க. போடலன்னா கையால அளக்கலாம்: ஏர் பெட்டுக்கும் அடியில இருக்குற மெத்தைக்கும் நடுவுல, அவரோட பிட்டத்துக்கு நேர்க்கீழ, உள்ளங்கை மேல பாக்குற மாதிரி கையை விடுங்க. எலும்பு உங்க கையில இடிச்சா காத்து பத்தல. கைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு அங்குலம் காத்து இருந்தா சரி. வாரத்துக்கு ஒருதரம் இதைப் பாருங்க. கரண்ட் போனா காத்து இறங்கும், அதனால பம்ப் பிளக்கை இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க. பத்து வாட் அளவுக்குத்தான் இழுக்கும்.

—

வெற்றிலைக்கொடி:

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி அந்தக் கருப்பு இடத்தில் நன்றாகத் தேய்த்துவிட்டால் ரத்த ஓட்டம் வரும். நடுவில் ஓட்டை வைத்த ரிங் தலையணையும் மெடிக்கல் கடையில் கிடைக்கிறது, அதில் உட்கார வைக்கலாம்.

—

பிசியோ_தஞ்சை:

இரண்டுமே வேண்டாம், நண்பரே. கருத்த இடத்தில் உள்ளே இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே நசுங்கியிருக்கின்றன. அழுத்தித் தேய்த்தால் கிழியும். எண்ணெயோ கிரீமோ தடவுவதென்றால் சுற்றியுள்ள நல்ல தோலில் மெல்லிசாகத் தடவலாம். ரிங் தலையணை நடுவில் இடம் விடுகிறது, ஆனால் அந்த வளையம் பட்ட இடமெல்லாம் அழுந்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போவதே குறைகிறது. வீல்சேருக்கு மூன்று, நான்கு அங்குல ஃபோம் குஷன் போதும். இப்போதைக்கு ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதும் கால் மணிக்கு ஒருமுறை இடது பக்கம் சாயச்செய்து எடையை மாற்றுங்கள்.

தோளுக்கு வருகிறேன். பக்கவாதத்தில் தோள் மூட்டைப் பிடித்துவைக்கும் தசைகள் தளர்ந்துபோகின்றன. கையின் முழு எடையும் மூட்டுப்பையில் தொங்குகிறது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் எலும்பின் தலை குழியிலிருந்து நழுவுகிறது. தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரிகிறதா என்று தொட்டுப் பாருங்கள். தெரிந்தால் நழுவல் தொடங்கியிருக்கிறது. பிசியோவிடம் காட்ட வேண்டும். இனி அந்தக் கையைப் பிடித்து இழுப்பது, அக்குளில் தூக்குவது இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது வலது கை கடைசி. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் மடியில் தலையணை வைத்து அதன்மேல் கை. கையைத் தாங்கும் தூளியை (ஆர்ம் ஸ்லிங்) நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள், கை மடங்கியே இறுகிவிடும். நிற்கவைக்கும்போது மட்டும் போதும்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும் முறையை அட்டெண்டருக்கு ஒருமுறை செய்துகாட்டி, அவர் செய்வதையும் நின்று பாருங்கள். போனில் சொன்னால் வராது.

முதலில் உடை. லுங்கியும் வேட்டியும் இந்த வேலைக்கு ஆகாது. எழுந்திருக்கும்போது அவிழும், காலில் சிக்கும், பிடிக்கிறவர் இடுப்பு முடிச்சைப் பிடிப்பார், அது கையோடு வந்துவிடும். எலாஸ்டிக் வைத்த பைஜாமா போடுங்கள். அதற்கு மேல் இடுப்பில் இரண்டங்குல அகலக் கித்தான் பெல்ட். 'கெய்ட் பெல்ட்' என்று சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். பிடிப்பது எப்போதும் அந்த பெல்ட்டைத்தான்.

வீல்சேரை அவருடைய இடது பக்கம், அதாவது பலமுள்ள பக்கம், கட்டிலோடு முப்பது நாற்பது டிகிரி கோணத்தில் ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போட்டாக வேண்டும். கால்தட்டுகளை மடக்கி ஒதுக்குங்கள், இல்லையென்றால் கணுக்கால் கிழியும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். கால் இறங்கும் எடையே உடம்பைத் தூக்கப் பாதி உதவும். மீதியை அவர் இடது முழங்கையை ஊன்றி எழுவார். நீங்கள் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் கைகொடுத்தால் போதும்.

உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். இத்தனை நாள் படுத்தவருக்கு எழுந்த உடன் ரத்த அழுத்தம் இறங்கும். முகம் வெளுத்தாலோ வேர்த்தாலோ திரும்பப் படுக்கவைத்துவிட்டு பி.பி. பாருங்கள். படுத்தபோது இருந்ததைவிட மேல் எண் 20 குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். மாத்திரை அளவை அவர் மாற்றலாம்.

பிறகு, இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதிய வேண்டும். கட்டில் உயரம் பதினெட்டு அங்குலத்துக்கு மேல் போனால் கால் தொங்கும், அப்போது கட்டிலைத்தான் மாற்ற வேண்டும். அட்டெண்டர் எதிரே நின்று தன் முழங்காலால் அப்பாவின் வலது முழங்காலை முன்பக்கமிருந்து தடுத்துக்கொள்ள வேண்டும், அது மடங்கத்தான் பார்க்கும். "மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும்" என்று சொல்லி முன்னால் குனியவிடுங்கள். குனிந்தால் இடுப்பு தானாக எழும்பும். நிமிர்ந்த முதுகோடு தூக்கினால் 68 கிலோவையும் அட்டெண்டரின் இடுப்புதான் சுமக்கும். எழுந்ததும் இடது காலால் சிறு சிறு அடி வைத்துத் திரும்பி, முழங்காலின் பின்புறம் நாற்காலியில் பட்டதும் மெல்ல இறக்குங்கள். அட்டெண்டரின் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடக் கூடாது. தடுக்கினால் இருவரும் சேர்ந்து விழுவார்கள்.

அம்மா இதைத் தனியாகச் செய்யவே கூடாது. அட்டெண்டர் இல்லாத நேரத்தில் படுக்கையிலேயே இருக்கட்டும், யூரின் கேன் கைக்கெட்டும் தூரத்தில் இடது பக்கம்.

முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதில் ஐந்து வாரம் போய்விட்டது. வாரம் மூன்று நாளாவது பிசியோ நேரில் வர வேண்டும். செலவு கஷ்டமென்றால் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். இடையில் யாராவது புறா ரத்தம் தடவச் சொல்லிக்கொண்டு வருவார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெந்நீர்ப் பை ஒத்தடமும் வேண்டாம், வலது பக்கம் சூடு உறைக்காமல் போகலாம். கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

—

சொல்_பயிற்சி:

கஞ்சிக்கு இருமல் இல்லை, தண்ணீருக்கு இருக்கிறது என்று நீங்கள் கவனித்ததே பெரிய விஷயம். தண்ணீர் வேகமாக ஓடுவது. தொண்டை மூடிக்கொள்வதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. கெட்டியான கஞ்சி மெதுவாக இறங்குவதால் சமாளிக்கிறார். இருமல் வருகிறவரைவிட, உள்ளே போயும் இருமல் வராதவருக்குத்தான் ஆபத்து அதிகம். சாப்பிட்டதும் "ஆ" சொல்லவையுங்கள். குரல் கொப்பளிக்கிற மாதிரி ஈரமாகக் கேட்டால் உள்ளே போயிருக்கிறது. காரணம் தெரியாமல் காய்ச்சல், வழக்கத்தைவிட வேகமான மூச்சு என்றால் நிமோனியாவா என்று அன்றே பார்க்க வேண்டும். விழுங்கும் சோதனை செய்யும் பேச்சு சிகிச்சையாளரிடம் ஒருமுறை கண்டிப்பாகக் காட்டுங்கள். எந்த அளவு கெட்டி என்று அவர்தான் சொல்ல முடியும்.

அதுவரை தெளிந்த தண்ணீரை டம்ளரில் கொடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் கெட்டியாக்கும் பவுடரை அட்டையில் சொன்ன அளவுப்படி கலந்து ஸ்பூனில் கொடுங்கள். நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இங்கே எதிரி: அண்ணாந்து குடிப்பது. தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய் வழி திறந்துகொள்கிறது. இவருக்கு மோவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் வாங்குவார், அதனால் அட்டெண்டர் எதிரில் உட்கார்ந்து, கண்ணுக்குச் சற்றுக் கீழிருந்து ஸ்பூனைக் கொண்டுவர வேண்டும். ஸ்ட்ராவும் வேண்டாம்.

ரசம் சாதம் நல்லது என்று எல்லோரும் கொடுப்பார்கள். இவருக்கு அதுதான் கடினம். நீரும் பருக்கையும் ஒரே வாயில் வரும். நீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், பருக்கையை மெல்ல வேண்டியிருக்கும். உப்புமா, பொரி, வடைத்தூள் மாதிரி உதிர்கிறவையும் கீரைத் தண்டும் வேண்டாம். குழைந்த பொங்கல், கெட்டிக் குழம்பில் ஊறவைத்து மசித்த இட்லி, கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு சாதம் சரியாக இருக்கும். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், சொட்டவும் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

அரிசிக் கஞ்சியில் ஒரு சூட்சுமம். எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் பத்து நிமிடத்தில் கஞ்சி நீர்த்துப்போகும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைக்கிறது. ஆரம்பத்தில் இருமாதவர் கடைசியில் இருமுவது இதனாலும் இருக்கலாம். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கொடுங்கள்.

ஒரு வாய் ஒரு டீஸ்பூன். தொண்டைக்குமிழ் மேலே ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. சாப்பிட்டு முடிந்ததும் வலது கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றிப் பாருங்கள். உணர்ச்சியில்லாத கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கும், அப்படியே படுத்தால் ராத்திரி உள்ளே போகும். இரண்டு வேளையும் பல், நாக்கு சுத்தம் செய்யுங்கள். வாய் அழுக்குதான் நுரையீரலுக்குப் போய் நோயாகிறது.

மாத்திரைகளை எல்லாம் பொடிசெய்து கொடுக்கிறீர்களா? பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று இருப்பவற்றையும், குடலில் கரையும்படி மேற்பூச்சு போட்டவற்றையும் பொடிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சீட்டை மருத்துவரிடம் காட்டி மாற்று வடிவம் கேளுங்கள்.

பேச்சு. அவருக்குக் காது மந்தமில்லை, கத்த வேண்டாம். டிவியை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "என்ன வேணும்?" என்று கேட்டால் அவருக்கு வாசல் இல்லை. "தண்ணியா?" என்று டம்ளரைக் காட்டிக் கேளுங்கள், மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பதில் ஏழாவது எட்டாவது எண்ணிக்கையில்தான் வரும். நாம் மூன்றிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம்.

முன்னதாக அவருடைய "ஆமாம்", "இல்லை" நம்பத்தக்கதா என்று பாருங்கள். "இது கும்பகோணம்தானே?", "நீங்க மதுரைக்காரரா?", "இப்ப ராத்திரியா?" என்று விடை தெரிந்த கேள்விகள் ஆறு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் கட்டைவிரல் தூக்குவது, படத்தைத் தொடுவது என்று வேறு வழிக்குப் போக வேண்டும். படப் பலகையைக் கடையில் வாங்காதீர்கள். உங்கள் வீட்டு டம்ளர், உங்கள் வீட்டு ஃபேன், யூரின் கேன், அம்மா, வலி என்று முகம் சுளித்த ஒரு படம், எட்டே படங்களைப் போனில் எடுத்துப் பெரிதாக அச்சடித்து லேமினேட் செய்யுங்கள். அதை இடது கைப்பக்கம் மாட்டுங்கள்.

பேச வராதவருக்கும் எண்கள், கிழமைகள், மனப்பாடமான பாட்டு வரலாம். ஒன்று, இரண்டு என்று நீங்கள் தொடங்கி மூன்றில் நிறுத்திப் பாருங்கள். தேவாரமோ பழைய சினிமாப் பாட்டோ, அவர் முன்பு முணுமுணுத்த ஒன்றைக் கூடவே பாடி, கடைசிச் சொல்லை விட்டுவிடுங்கள்.

சாயங்காலக் கோபத்தை வெறும் கோபமென்று விடாதீர்கள். தோள் வலி, மலச்சிக்கல், நனைந்த டயப்பர் என்று உடம்பைப் பாருங்கள். அதெல்லாம் இல்லையென்றால் மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, மருந்தும் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் மட்டும் வேறு கதை: சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர் வற்றுதல், புதிய அடைப்பு. காத்திருக்க வேண்டாம்.

—

மகாமகம்:

நன்றி. எஸ்.ஆர். மாத்திரை ஒன்று இருக்கிறது, பொடித்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். நாளை காலை டாக்டருக்குப் போன் செய்கிறேன். ராத்திரி ஆளை ஏஜென்சியில் கேட்டேன், "நர்ஸே அனுப்பறோம்" என்கிறார்கள், கட்டணம் இரண்டு மடங்கு. நர்ஸ் தேவையா? டிவிக்குப் பதில் என்ன செய்யச் சொல்வது?

—

டியூட்டி_சார்ட்:

நர்ஸ் தேவையில்லை. ஊசி, மூக்கு டியூப் போடுவது, சிறுநீர் டியூப் மாற்றுவது, புண் டிரெஸிங் இவற்றுக்குத்தான் நர்ஸ். திருப்புவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் பயிற்சி பெற்ற அட்டெண்டர் வேலை. இன்னொன்று, ஏஜென்சிகள் எல்லோரையும் "நர்ஸ்" என்றுதான் சொல்வார்கள். செவிலியர் படிப்புகளில் ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம்; படித்தவரிடம் மாநிலச் செவிலியர் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். எண் இல்லையென்றால் அட்டெண்டர் கட்டணம்தான் பேச வேண்டும்.

பேசும்போது "பேஷன்ட்டைப் பார்த்துக்கணும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், பின்னால் எல்லாத் தகராறும் அங்கிருந்துதான் வரும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். நோயாளியின் எடை, எந்தப் பக்கம் பலவீனம், ராத்திரி எத்தனை தடவை எழுப்ப வேண்டியிருக்கும். இதை மறைத்தால் வந்த ஆள் மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு போவார். நோயாளியின் துணியும் பாத்திரமும் மட்டும் அவர் வேலை, வீட்டு வேலை இல்லை. சாப்பாடு யார் பொறுப்பு, எங்கே படுப்பது, வார விடுமுறை எந்த நாள், அன்றைக்கு மாற்று ஆள் உண்டா. ஆள் பாதியில் நின்றால் எத்தனை மணி நேரத்தில் மாற்று, வராத நாளுக்குப் பணம் எப்படிக் கழியும். பதிவுக் கட்டணம் திரும்பி வருமா. நீங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். பாதிகூடப் போகவில்லையென்றால் எந்த ஆளும் உங்கள் வீட்டில் நிலைக்க மாட்டார்.

தங்கும் ஆளுக்குத் தொடர்ந்து ஆறு மணி நேரத் தூக்கமும் பகலில் இரண்டு மணி நேர ஓய்வும் கிடைத்தால்தான் மாதக்கணக்கில் ஓடும். ராத்திரி ஆள் இருக்கிற வரை இவர் வேறு அறையில் படுக்கட்டும். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலையாளைச் சரிபார்க்கும் வசதி தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே இருக்கிறது, ஏஜென்சி "பார்த்தாச்சு" என்று சொன்னாலும் நீங்கள் தனியாகப் போடுங்கள். நகை, ஏ.டி.எம். கார்டு, அம்மாவின் பென்ஷன் பாஸ்புக் பூட்டில் இருக்கட்டும். அது சந்தேகம் இல்லை, ஏதாவது காணாமல் போனால் அவர் மேல் பழி வராமல் காப்பதும்கூட.

மருந்தை அட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அட்டெண்டரிடம் விடாதீர்கள். ஏழு நாள், நான்கு வேளை, 28 அறை கொண்ட டப்பாவில் ஞாயிற்றுக்கிழமை அம்மா நிரப்பட்டும். காலியான அறையே கணக்கு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை அதில் பெரும்பாலும் இருக்கும். எனவே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான். முகம் புதிதாகக் கோணினாலோ இடது பக்கமும் தளர்ந்தாலோ, கடைசியாக எத்தனை மணிக்கு வழக்கம்போல் இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. அவருக்கு அது போடலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

டிவிக்குப் பதில்: காலை பத்து மணிக்கு அட்டெண்டர் பேப்பர் வாசிக்கட்டும். தலைப்பை மட்டும் வாசித்து, "இதைப் படிக்கவா?" என்று கேட்டு அவர் தேர்ந்தெடுக்கட்டும். பதினொன்றுக்குத் தாயம் அல்லது பல்லாங்குழி. இடது கையால் ஆடட்டும், வலது கையைப் பலகையின் மேல் வைத்திருக்கட்டும், கண்ணுக்கு அந்தக் கை தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அம்மா கீரை ஆய்ந்தால் அவர் மடியில் முறத்தை வையுங்கள், பாதி தப்பாகத்தான் செய்வார், செய்யட்டும். வெயில் தாழ்ந்ததும் வீல்சேரை வாசலில் அரை மணி நேரம் போடுங்கள், தெருவில் போகிறவர் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். கோபம் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக இதைச் செய்தால் அந்த நேரம் கடந்துவிடும். அட்டெண்டர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பது துணை ஆகாது, அதையும் தாளில் எழுதுங்கள்.

அந்த நேரத்தில் அம்மா கோயிலுக்கோ அக்கம்பக்கத்துக்கோ போய்வரட்டும்.

—

மகாமகம்:

ராத்திரி ஆள் வியாழனிலிருந்து வருகிறார். திருப்பினாரா இல்லையா என்று சென்னையிலிருந்து எனக்கு எப்படித் தெரியும்? கேமரா வைக்கலாமா?

—

நைட்_டியூட்டி:

கேமரா வைக்கிறதா இருந்தா ரெண்டு ஆளுக்கும் சொல்லிட்டு வைங்க, உடம்பு துடைக்கும்போதும் டயப்பர் மாத்தும்போதும் அணைச்சிடணும். அதைவிட நோட்டு நல்லா வேலை செய்யும். "திருப்பினேன்"னு எழுதற நோட்டு வேண்டாம், அதை விடியக்காலைல ஒரே பேனாவால மொத்தமா நிரப்பிடுவாங்க. எந்தப் பக்கம், தோல் எப்படி, டயப்பர் எப்படின்னு மூணு கட்டம் போடுங்க. இப்படி:

10.00 – இடது. கருப்பு அதே அளவு, சூடு இல்ல. டயப்பர் நனைஞ்சது, மாத்தியாச்சு.
12.00 – வலது. தோள் முன்னாடி. குதிகால் சரி. டயப்பர் காஞ்சிருக்கு.
2.00 – இடது. தூங்குறார். டயப்பர் நனைஞ்சது, மாத்தியாச்சு.
4.00 – வலது. இருமல் ரெண்டு தடவை, தலைப்பக்கம் முப்பது டிகிரி.

பழைய டயப்பரைக் காலைல எண்ணினா நோட்டோட ஒத்துப் போகணும். காலைல ஆள் மாறும்போது ரெண்டு பேரும் சேந்து அந்தக் கருப்பைப் பாத்து, ஓரத்துல பேனாவால சின்னப் புள்ளி வச்சு, பக்கத்துல ஒரு ரூபா காசைப் பிடிச்சு ஒரு போட்டோ உங்களுக்கு அனுப்பட்டும். அதே வெளிச்சம், அதே தூரம். நாலஞ்சு நாள்ல நிறம் மங்கிச் சூடு போயிடணும். மங்கலன்னா, இல்ல புள்ளியைத் தாண்டிப் போச்சுன்னா டாக்டரை வரச்சொல்லுங்க.

முழுசா மறைஞ்ச பிறகு ராத்திரி இடைவெளியை மூணு மணி நேரமாக்கிப் பாருங்க. காலைல அழுத்திப் பாத்துத் தோல் வெளுத்துத் திரும்பினா ரெண்டு நாள் கழிச்சு நாலு மணி நேரம். அது தாங்குச்சுன்னா 10, 2, 6னு மூணே தடவைதான், அப்ப ராத்திரி ஆளை நிறுத்திடலாம். கருப்பு திரும்ப வந்தா பழைய இடைவெளிக்கு வந்துடுங்க.

வியாழக்கிழமைக்கு முன்னாடி அந்த ரெக்ஸினை மட்டும் இன்னிக்கே எடுத்துடுங்க.